கிருபைக்கனி வாய் வைத்த பாத்திரம்

ஆறுதல்விளை சபையார் தங்கள் ஆலயத்தைப் புதுப்பிக்க அதன் கூரையை இறக்கிவிட்டு மேட்டுத்தெருவில் கருப்பட்டி அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கிக்கு ஆராதனையை மாற்றிய வருஷத்தில், மே மாதத்து முதல் ஞாயிறன்று நடந்த திருவிருந்தில், திராட்சரசம் இருந்த ஒரே பாத்திரத்தில் வாய் வைத்த ஒவ்வொருவருக்கும் தனக்கு முன்னால் குடித்தவருடைய வாய் ருசித்தது. ருசித்தது என்றால் ஏதோ லேசான வாடை அல்ல. அடுத்தவர் வாயில் நாள் முழுக்கக் கிடந்த கரண்டியை எடுத்து நம் வாயில் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி, வெதுவெதுப்போடு, அவர் சாப்பிட்டது, சாப்பிடாதது, சொத்தைப் பல், தூக்கத்தில் ஊறிய எச்சில் எல்லாவற்றோடும் ருசித்தது.

எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்று சொல்வது வழக்கம். அன்று முதலில் குடித்து முகம் சுளித்தவர் கிப்சன் ஐயர், அடுத்தவர் சபைச் செயலாளர் சாலமோன் தேவபிச்சை. ஐயர் மென்றிருந்த ஏலக்காய்க்கு அடியில் இருந்த பொய்ப்பல் செட்டின் வழுவழுப்பைச் செயலாளர் அறிந்தார். செயலாளரை அவர் மனைவி அறிந்தாள். பழைய பூட்டுச் சாவியைச் சப்பியது போலிருந்தது என்று பிறகு தன் தங்கையிடம் சொன்னாள். உபவாசம் இருந்ததாகச் சொன்ன ரோஸ்லின் டீச்சர் வாயிலிருந்து முட்டைப் பொரியல் அடுத்தவருக்குப் போயிற்று. மதுவிலக்குச் சங்கத் தலைவருக்குப் பின்னால் குடித்த பெண்ணுக்குத் தொண்டை எரிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் குடித்தோம், இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் விழுங்கினோம், ஒருவரும் துப்பவில்லை, ஏனென்றால் அது பரிசுத்தமானது, துப்பக் கூடாது. கிட்டங்கிக்கு வெளியே வேலியோரம் போய் நின்றுகொண்டு அவரவர் தொண்டையைச் செருமினோம்.

காரணத்தைப் பற்றி இரண்டு வாரம் பேசினோம். கருப்பட்டியின் வேலை என்றார்கள் சிலர். ஐம்பது வருஷம் கருப்பட்டி அடுக்கிய சுவர், அதன் பொருக்கு இன்னும் விரிசல்களில் இருந்தது, கட்டெறும்புகள் வரிசையாக வந்து அதை அரித்துக்கொண்டிருந்தன. திராட்சரசத்தின் வேலை என்று ரசத்தை மாற்றினார்கள். துடைக்கிற துணியில் கிருமிநாசினி தெளித்தார்கள், அடுத்த மாதம் கிருமிநாசினியும் வாயும் சேர்ந்து ருசித்தன. பிறகு காரணத்தை விட்டுவிட்டோம். மழை பெய்தால் ஏன் பெய்கிறது என்று எவனும் கேட்பதில்லை, குடைதான் தேடுகிறான்.

பழைய ஆலயத்தில் வரிசை என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெஞ்சு, முன்பெஞ்சுக் குடும்பங்கள் முதலில் போய்ப் பீடத்தின் முன்னால் முழங்காலிடும், பின்பெஞ்சுகள் பின்னால் போகும், எல்லோரும் குடித்து முடித்த பிறகு தெற்குச் சிறகுக்காரர்கள் வருவார்கள். தெற்குச் சிறகு என்பது ஆலயத்தின் பக்கவாட்டில், நடுவே ஒரு சுவர் வைத்துக் கட்டிய நீள அறை. அதில் கீழத்தெருக்காரர்கள் உட்கார்வார்கள். சுவரில் ஒரு வளைவு வாசல் உண்டு. அந்த வாசல் வழியாகப் பார்த்தால் பீடம் தெரியாது, பிரசங்கம் பண்ணுகிற ஐயரின் இடது முழங்கை மட்டும் தெரியும். ஆண்டவர் முன்னிலையில் எல்லோரும் சமம் என்று ஐயர் சொல்லும்போது அந்த முழங்கை மேலே போய்க் கீழே வரும். நூற்றுமுப்பது வருஷமாக இப்படித்தான்.

கிட்டங்கியில் சிறகு இல்லை. ஒரே வாசல், ஒரே கூடம், வாடகை நாற்காலி. வந்தவர் வந்த இடத்தில் உட்கார, பாத்திரத்துக்குப் போகிற வரிசை கலைந்துபோயிற்று. அது கலைந்ததால்தான் இவ்வளவும் என்று சொன்னவர்களும் உண்டு. கீழத்தெருக்காரர்கள் பதினாறு பேர் மட்டும், யாரும் சொல்லாமலே, மூலையில் நின்று கடைசியாக வந்தார்கள்.

பாத்திரத்தை விட்டுவிடலாமே என்று கேட்டால், முடியாது. அது வெள்ளிப் பாத்திரம், செயலாளரின் கொள்ளுத்தாத்தா கொடுத்தது, அடியில் அவர் பெயர் வெட்டியிருக்கிறது. பக்கத்துச் சபையில் தனித்தனிச் சின்னக் கிண்ணம் வைத்திருக்கிறார்களே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டதற்கு, "அவ்வோ ஆண்டவர டீக்கடையில வச்சிருக்காவ" என்றார் செயலாளர். சரி, திருவிருந்து எடுக்காமல் இருக்கலாமே என்றால், அதுவும் முடியாது. திருவிருந்து எடுக்காதவருக்குச் சபைத் தேர்தலில் ஓட்டு இல்லை, தேர்தலோ நவம்பரில். ஆண்டவருக்காக விழுங்காததைக்கூட ஓட்டுக்காக விழுங்குகிற சபை எங்களுடையது.

ஆகவே குடை தேடினோம். ஜூன் மாதம் எல்லோரும் கிட்டங்கி வாசலில் பல் துலக்கிவிட்டு வந்தார்கள். தரை முழுக்க நுரை. கணவனுக்குப் பின் மனைவி, மனைவிக்குப் பின் கணவன் என்று நிறுத்திப் பார்த்தார்கள், அந்த வாரம் இரண்டு பெண்கள் தாய்வீட்டுக்குப் போனார்கள். ஜூலைத் திருவிருந்துக்கு முந்தின நாளே சாப்பிடாமல் வரச் சொன்னார் ஐயர். பட்டினி கிடந்த வாய் இன்னும் மோசமாக இருந்தது, அதில் கோபமும் சேர்ந்திருந்தது.

ஜூலை மாதத்தில் ரோஸ்லின் டீச்சர் தாமதமாக வந்தாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஓட்டுரிமையை விடுகிறவள் அல்ல. வரிசை முடிந்து கீழத்தெருக்காரர்களும் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கடைசியாக, பேரூராட்சியில் தெருக் கூட்டுகிற கிருபைக்கனி குடித்துவிட்டு எழுந்தாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, மூக்கைப் பிடிக்காத குறையாகக் குடித்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள். பாத்திரத்தை ஐயரிடம் கொடுக்காமல் இன்னொரு வாய் குடித்தாள்.

"ஒண்ணுமே இல்ல," என்றாள். "வெறும் ரசம். சத்தியமா வெறும் ரசம்."

சோதித்துப் பார்த்தார்கள். கனியைக் குடிக்கவைத்துச் செயலாளர் குடித்தார், வெறும் ரசம். மூக்குப்பொடி போடுகிற துரைராஜ் அண்ணாச்சி குடித்து, கனி குடித்து, செயலாளரின் மனைவி குடித்தாள், வெறும் ரசம். அண்ணாச்சியின் பொடி எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கனிக்கு மட்டும் தெரியும், அது அவள் வாயில் இருந்தது.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாத்திரத்தில் மிஞ்சியதை ஐயர்தான் கடைசியில் குடித்துக் காலி பண்ண வேண்டும் என்பது முறை. கனிக்குப் பின்னால் மே மாதமும் குடித்தார், ஜூன் மாதமும் குடித்தார். அவருக்கு முதல் மாதமே தெரியும். எல்லோரும் வேலியோரம் செருமிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் செருமவில்லை. தன் ஊழியத்துக்குக் கிடைத்த கிருபை என்று வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

அந்த வாரமே செயலாளரும் ஐயரும் டீச்சரும் கீழத்தெருவில் கனி வீட்டுக்குப் போனார்கள். கனிக்கு ஐம்பத்திரண்டு வயது, கணவன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். பேரூராட்சி கொடுத்த பச்சைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மூன்று நாற்காலி போட்டாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

"டீ வேண்டாம்மா கனி," என்றார் செயலாளர். "இப்பந்தான் குடிச்சிட்டு வாறோம்."

"மூணு பேருமா?"

"மூணு பேரும்தான்."

"கோயில்ல நான் குடிச்சதுல குடிப்பீய. வீட்ல நான் போட்டதக் குடிக்க மாட்டீயளோ."

"அது ஆண்டவரோட மேசைல்லா."

"அப்ப இங்க ஆண்டவர்தான் வந்து டீ போடணும்," என்றாள் கனி, அடுப்பை அணைத்தாள்.

செயலாளர் விஷயத்தைச் சொன்னார். ஒவ்வொருவர் குடித்ததும் அவள் ஒரு வாய் குடித்துக் கொடுக்க வேண்டும், மாதத்தில் ஒரு நாள், ஆலய வேலை முடிகிற வரைக்கும். அது ஒரு பெரிய ஊழியம் என்று டீச்சர் சொன்னாள். கனி மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஒவ்வொருத்தர் வாயும் எனக்கு வருமே, அது என்ன செய்ய?"

ஐயர் ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றாள் கனி. "தெக்குச் செவர இடிச்சிட்டீயல்லா. திரும்பக் கட்டாதிய. நாப்பத்தோரு வருசமா முழங்கையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். எத்தன ஐயரு வந்தாவ, எத்தன முழங்கை. எனக்குப் பீடத்தப் பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"இவ்வளவுதானா," என்றார் செயலாளர். "ஐயர் முன்னாடி சொல்லுதேன். அந்த இடத்துல ஒரு செங்கல்லுகூட வைக்க மாட்டோம்."

ஆகஸ்டிலிருந்து அப்படியே நடந்தது. ஐயருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டார்கள், கனி அதில் உட்கார்ந்தாள், ஒருவர் குடித்ததும் பாத்திரம் அவளிடம் போகும், அவள் ஒரு மிடறு குடிப்பாள், பாத்திரம் அடுத்தவரிடம் போகும், அவர் கண்ணை மூடிப் பரவசமாகக் குடிப்பார். முன்னூறு வருஷம் அவள் ஆட்கள் தொட்ட குடத்தைத் தொடாத ஊரில், இப்போது அவள் வாய் வைக்காத பாத்திரத்தை யாரும் தொடவில்லை. இதை ஒரு மாற்றம் என்று பக்கத்து ஊர் சபைப் பத்திரிகை எழுதியது, செயலாளர் படத்தோடு. கீழத்தெருக்காரர்கள் மற்றப் பதினைந்து பேர் வந்தபோது, அவர்களுக்கு இடையிலும் அவள் குடித்தாள். அதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இருநூறு மிடறு சின்ன விஷயம் அல்ல. பாதிக்கு மேல் அவளுக்குத் தலை ஆடும். கோயில்குட்டி யோபு, அதாவது ஆலயத்தைக் கூட்டி மணியடிக்கிற ஆள், அவள் தோளைப் பிடித்துக்கொள்வான். பின்வரிசையில் சிரிப்பார்கள்.

"கனி இன்னைக்கு அரப் பாட்டில் ஏத்திட்டா வே."

"சும்மா கெட. நம்ம ஆர்.ஓ. மிஷின் அது. ரிப்பேர் ஆச்சுன்னா நீயா குடிப்ப?"

ஆர்.ஓ. மிஷின் என்ற பெயர் நிலைத்துவிட்டது. சிறுபிள்ளைகளும் சொன்னார்கள், பிள்ளைகளை யாரும் அதட்டவில்லை.

செப்டம்பரில் அவள் வைத்த மீன்குழம்பு அவளுக்கே ருசிக்கவில்லை. அக்டோபரில் எதுவுமே ருசிக்கவில்லை. "நேத்து வெறும் புளிய எடுத்து நாக்குல வச்சேன் யோபு," என்றாள். "அண்ணாச்சி பொடிதான் வருது. உப்பக் கடிச்சா செக்ரட்டரி வீட்டம்மா வாறாவ. என் வாய் எங்க கெடக்குன்னே தெரியல." தெருக் கூட்டுகிறபோது ஒருவர் கடந்து போனாலே அவர் காலையில் என்ன தின்றார், யாரிடம் என்ன சொல்லாமல் விழுங்கினார் என்பது அவள் நாக்கில் ஓடியது. ரோஸ்லின் டீச்சரை நிறுத்தி, "டீச்சர், ஒங்க வாய் அழுகின பழம் மாதிரி இனிக்கு, சுகர் பாருங்க" என்றாள். டீச்சர் பார்த்தாள், நானூற்றுப் பத்து. டீச்சர் பிழைத்தாள், நன்றி சொல்லவில்லை, அதற்குப் பிறகு கனி கூட்டுகிற தெருவில் நடக்கவில்லை. மதுவிலக்குச் சங்கத் தலைவரும் நடக்கவில்லை. எங்களில் ஒவ்வொருவரும் அவள் வாயில் இருந்தோம், அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை, அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

"அவ சிரிச்சாலே நான் வாய மூடிக்கிடுதேன்," என்றாள் செயலாளரின் மனைவி.

நவம்பரில் தேர்தல் நடந்தது, செயலாளர் மறுபடியும் ஜெயித்தார்.

ஆலயம் வளர்ந்தது. புதுக் கூரை, கிரானைட் தரை, பீடத்துக்குத் தேக்குக் கிராதி. பிப்ரவரியில் கிட்டங்கியில் கடைசித் திருவிருந்து. முடிந்ததும் எல்லோரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்க, கனி சுவர் விரிசலில் இருந்து விரல் நகத்தளவு பழைய கருப்பட்டியைப் பெயர்த்து, எறும்பை ஊதிவிட்டு, வாயில் போட்டாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பெயர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மார்ச்சில் ஆலய வளாகத்தைக் கூட்டப் போனபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். தெற்குப் பக்கம், பழைய சுவர் நின்ற அதே கோட்டில், தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. கதவுக்கு மேலே பலகை: தாய்மாரும் சிறு பிள்ளைகளும். அலுமினிய வேலைக்காரன் கதவருகே குத்தவைத்துச் செயலாளரிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சார், தாழ்ப்பா உள்ளயா வெளியயா?"

"தாய்மார் பாலு குடுக்கிற எடம் வே. உள்ளதான் வைக்கணும். மானம் மரியாத வேண்டாமா."

கனி விளக்குமாற்றைச் சாத்திவிட்டு நின்றாள். செயலாளர் அவளைப் பார்த்ததும் தானாகவே பேச ஆரம்பித்தார். "செங்கல் ஒண்ணுகூட வைக்கல, பாத்துக்கோ. சொன்ன சொல்லு. கண்ணாடி வழியா பீடம் முழுசாத் தெரியும். நம்ம கீழத்தெரு ஆட்களுக்குத்தான் இந்த எடம். ஏசி இங்கதான் மொதல்ல போடுதோம்."

"எனக்குக் கைப்பிள்ள இல்லியே."

"பேரப்பிள்ள வரும்லா."

"பாத்திரம்?"

"அந்தக் கஷ்டம் ஒனக்கு இனிமே இல்ல, கனி. தனித்தனிக் கிண்ணம் வாங்கியாச்சு. நானே எடுத்துக் குடுத்துட்டேன்." கிண்ணங்களை வைக்கும் தட்டின் விளிம்பில் தன் பெயர் வெட்டியிருந்ததை அவர் சொல்லவில்லை. ஆண்டவரை டீக்கடையில் வைப்பது பற்றியும் இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

கனி ஐயரிடம் போனாள். "ஒங்க முன்னாடிதான சொன்னாவ ஐயரே."

"தெரியுது கனி," என்றார் ஐயர். "ஒலிபெருக்கியும் உள்ள ஒண்ணு வைக்கச் சொல்லியிருக்கேன்."

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை. திருவிருந்து இல்லாத நாட்களில் அவள் நாக்கிலிருந்து நாங்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனோம். முதலில் உப்புத் திரும்பியது, பிறகு புளிப்பு, அதற்குப் பிறகு உறைப்பு. இனிப்பு மட்டும் வரவில்லை. தினமும் காலையில் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துணுக்குக் கருப்பட்டியை நாக்கில் வைத்துப் பார்ப்பாள், முடிந்துகொண்டு வேலைக்குப் போவாள்.

ஏப்ரல் முதல் ஞாயிறு புது ஆலயத்தில் முதல் திருவிருந்து. கீழத்தெருக்காரர்கள் பதினாறு பேரும் கண்ணாடி அறையில் இருந்தார்கள், பதினாறில் ஒருவருக்கும் கைப்பிள்ளை இல்லை. கனி கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செயலாளர் சொன்னது பொய்யில்லை, பீடம் முழுசாகத் தெரிந்தது: வெள்ளை விரிப்பு, பித்தளைக் குத்துவிளக்கு இரண்டு, மரச் சிலுவை, கிப்சன் ஐயரின் இரண்டு முழங்கைகளும், முகமும். ஒலிபெருக்கி வைக்கவில்லை. எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது.

தட்டுகள் வந்தன, கண்ணாடி அறைக்கு இன்னும் போகவில்லை. ஆளுக்கு ஒரு கிண்ணம், பெருவிரல் அளவு. எல்லோரும் கையில் வாங்கிக்கொண்டு ஒரே நேரத்தில் குடிக்க வேண்டும் என்று அச்சடித்த தாளில் போட்டிருந்தது. ஐயர் கையைத் தூக்கினார். குடித்தோம்.

எங்களுக்கு முன்னால் அந்தக் கிண்ணத்தில் யாரும் வாய் வைக்கவில்லை. ஆகவே எங்கள் வாய்தான் எங்களுக்கு ருசித்தது.

அதை எப்படிச் சொல்வது. அடுத்தவன் வாயை வேலியோரம் போய்ச் செருமலாம், அவனைப் பற்றி வீட்டில் போய்ச் சொல்லலாம். இது செருமச் செரும வந்தது. செயலாளர் வாயைப் பொத்திக்கொண்டு கிராதியில் சாய்ந்தார், பூட்டுச் சாவி அவர் தொண்டையில் நின்றது. அவர் மனைவி கைக்குட்டையைக் கடித்தாள். மதுவிலக்குச் சங்கத் தலைவர் பாதியில் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார், வாசலுக்குப் போவதற்குள் கிரானைட் தரையில் வாந்தியெடுத்தார். பரிசுத்தமானதைத் துப்பக் கூடாது என்ற எங்கள் ஆலயத்தில் அன்றைக்கு நாற்பது பேர் துப்பினோம், புதுத் தரையில், பளபளப்பாக, ஒவ்வொருவரும் தன்னைத்தானே. ஐயர் இரண்டு கையாலும் பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், பொய்ப்பல் செட்டைக் கழற்றினார், அதனாலும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு, யார் முதலில் திரும்பினார் என்று தெரியாது, எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தோம்.

கோயில்குட்டி யோபுவிடம் மறுபடி நிரப்பிய தட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அவன் கிண்ணங்கள் கிணுகிணுக்கப் போய்க் கண்ணாடிக் கதவின் முன்னால் நின்றான். "சும்மா ஒரு வாய் வச்சுக் குடு கனி, ஒவ்வொண்ணுலயும்," என்றான். அவன் வாய் அசைவது உள்ளே தெரிந்தது. கனி எழுந்தாள். கதவைத் திறக்கத்தான் எழுந்தாள் என்று எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவள் தாழ்ப்பாளைப் பிடித்து, அது புதிது, கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, இழுத்துப் போட்டாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துணுக்கை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கினாள். கன்னம் நின்றது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அசைந்தது.

யோபு ஒதுங்க, செயலாளரே போனார். மோதிரத்தால் கண்ணாடியில் தட்டினார். அவருக்குப் பின்னால் டீச்சர், அண்ணாச்சி, ஐயர், நாங்கள், ஆளுக்கொரு கிண்ணத்தோடு. "கனியம்மா," என்றார் செயலாளர், அவளை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, "கனியம்மா, கதவத் திறம்மா." கண்ணாடியில் அவர் மூச்சு பட்டு ஒரு வட்டம் பனித்தது.

கனி தலையை இடது பக்கம் சாய்த்தாள். பிறகு வலது பக்கம் சாய்த்தாள். எந்தப் பக்கம் சாய்த்தும் தெரியவில்லை போலிருக்கிறது. கருப்பட்டியை மற்றக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, கையை உயர்த்தி, பஸ்ஸில் ஜன்னலை மறைப்பவரிடம் சொல்வது போல, கொஞ்சம் தள்ளி நிற்கும்படி எங்களுக்குச் சைகை காட்டினாள். நாங்கள் பீடத்தை மறைத்துக்கொண்டிருந்தோம்.